தூரத்துப் பனிக்கோள்களின் மேற்பரப்பைப் படிப்பது எப்படி: மலையகத்திலிருந்து தொடங்குவோருக்கான வழிகாட்டி

புளூட்டோவின் மேற்பரப்பில் மெதேன் உறைந்து கிடக்கிறது என்பது 1976 ஆம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அதன் அருகாகப் பறந்ததோ 2015 யூலை 14 ஆம் திகதியில்தான். விண்கலம் போய்ச் சேர்வதற்கு முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே டேல் குருக்ஷாங்க், கார்ல் பில்ச்சர், டேவிட் மொரிசன் ஆகிய மூவரும் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலுள்ள 4 மீற்றர் தொலைகாட்டியில் சில அகச்சிவப்பு வடிகட்டிகளைப் பொருத்தி, எந்த அலைநீளத்தில் புளூட்டோவின் ஒளி குறைகிறது என்று அளந்து இம்முடிவுக்கு வந்தார்கள். ஒளி எங்கே குறைகிறது என்பதைப் பார்த்து, அங்கே என்ன கிடக்கிறது என்று சொல்லும் இந்த வேலைதான் இக்கட்டுரையின் பொருள்.

உயர்தரத்தில் பௌதிகவியலும் இரசாயனவியலும் படிப்பவர்கள், அவற்றைப் படிப்பிப்பவர்கள், பாடசாலையை விட்டு நீண்டகாலமாகியும் வானத்தின் மீதான பிடிப்பு விடாதவர்கள் ஆகியோரை மனத்திற்கொண்டு இதை எழுதுகிறேன். ஓர் உண்மையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உறைந்த நீர், மெதேன், நைதரசன் ஆகியவற்றின் தெளிவான அடையாளங்கள் பெரும்பாலும் 1 முதல் 5 மைக்ரோமீற்றர் வரையான அகச்சிவப்பில் இருக்கின்றன. நாம் வாங்கக்கூடிய கமராக்களின் சிலிக்கன் உணரிகளோ ஏறத்தாழ 1.1 மைக்ரோமீற்றருக்கு அப்பால் எதையும் காணமாட்டா. ஆகவே வேலை இரண்டாகப் பிரிகிறது: கண்ணும் சிறு தொலைகாட்டியும் கொண்டு நம் வானத்தில் செய்து பழகுவது ஒன்று, பெரிய தொலைகாட்டிகள் எடுத்துப் பொதுவில் வைத்திருக்கும் தரவை மேசையில் இருந்து வாசிப்பது மற்றொன்று. இரண்டுக்கும் பொதுவாக நான் வற்புறுத்தும் விதி ஒன்றே. ஒரு பொருளின் இரண்டு அடையாளங்களையாவது காணாமல் அதன் பெயரைச் சொல்லக் கூடாது.

முதற்படி: வந்து சேரும் ஒளியைப் பிரித்தறிதல்

ஒரு பனிக்கோளிலிருந்து நமக்கு வரும் ஒளி அதன் சொந்த ஒளியன்று. அது சூரிய ஒளி. அக்கோளின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்து, வழியில் நமது வளிமண்டலத்தையும் கடந்து வந்தது. எனவே நாம் பதிவு செய்யும் நிறமாலையில் மூன்று கைகள் பட்டிருக்கின்றன: சூரியனுடையது, கோளின் மேற்பரப்பினுடையது, பூமியின் காற்றினுடையது. நமக்கு வேண்டியது நடுவில் உள்ளது மட்டுமே.

கோளின் சொந்த வெப்பம் இதற்குள் கலந்துவிடாதா என்று ஒரு நல்ல மாணவர் கேட்கக்கூடும். உயர்தரப் பாடத்திலுள்ள வீனின் விதியைப் போட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். 2898 ஐக் கெல்வினிலுள்ள வெப்பநிலையால் வகுத்தால், வெப்பக் கதிர்ப்பு உச்சமாக இருக்கும் அலைநீளம் மைக்ரோமீற்றரில் வரும். புளூட்டோவின் மேற்பரப்பு ஏறத்தாழ 40 கெல்வின் என்பதால் அந்த உச்சம் 72 மைக்ரோமீற்றருக்கு அருகில் விழுகிறது. நாம் பார்க்கப்போகும் 1 முதல் 5 மைக்ரோமீற்றர் வரையான பகுதியில் அதன் வெப்பம் ஒரு பொருட்டே அல்ல. அங்கே உள்ளதெல்லாம் தெறித்த சூரிய ஒளிதான்.

இரண்டாம் படி: எந்தப் பக்கத்து மலை, எந்த மாதம்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் வளிமண்டலத்தின் ஐந்திலொரு பங்கு நமக்குக் கீழே போய்விடுகிறது. அதனால் அகச்சிவப்பு அவதானிப்புக்கு நம் மலைகள் ஏற்றவை என்று எண்ணிவிடக் கூடாது. 1.4, 1.9 மைக்ரோமீற்றர் அளவில் ஒளியை விழுங்குவது காற்றிலுள்ள நீராவி; அது நம்மிடம் தாராளமாக உண்டு. அகச்சிவப்புத் தொலைகாட்டிகளை ஹவாயின் மௌனா கியாவில் 4200 மீற்றரிலும், லடாக்கின் ஹன்லேயில் 4500 மீற்றரிலும் கொண்டுபோய் வைத்தது இந்த நீராவியிலிருந்து தப்புவதற்காகத்தான். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செய்யக்கூடியவற்றுக்கோ நமது இடம் மோசமில்லை. மேலும் நாம் வட அகலாங்கு 7 பாகைக்கு அண்மையில் இருப்பதால் கோள்கள் ஏறத்தாழ உச்சிக்கே ஏறி வருகின்றன. ஒளி கடக்கும் காற்றின் தடிப்பு அப்போது மிகக் குறைவு. ஐரோப்பியர் பலருக்குக் கிடைக்காத வசதி இது.

மாதத்தைத் தெரிவதற்குத் தேயிலைக்காரர்களின் கணக்கே போதும். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை போன்ற மேற்குச் சரிவுகளில் தரமான கொழுந்து கிடைக்கும் ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட காலமே அங்கு வானம் திறக்கும் காலம். பதுளை, பண்டாரவளை, வெலிமடை, அப்புத்தளை ஆகிய ஊவாப் பக்கத்திலோ யூலை முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மறுபக்கத்தில் கொட்டிவிட்டு வறண்டு இறங்குவதால் அக்காலம் உகந்தது. ஆனால் அக்காற்று தொலைகாட்டியை ஆட்டும் என்பதால் லயத்தின் சுவரையோ ஒரு மண்மேட்டையோ மறைப்பாகக் கொண்டு நிற்க வேண்டும். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் நுவரெலியாப் பக்கத்தில் உறைபனி விழும். வில்லையில் நீர் படிந்தால் துணியால் துடைக்காமல், அட்டையைச் சுருட்டிக் குழாயின் முனையில் நீட்டிக் கட்டிப் பனி படிவதைத் தடுப்பதே சரி. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை இரண்டு பக்கத்தையும் விடாது. அந்த மாதங்களை மேசை வேலைக்கு ஒதுக்குங்கள்.

மூன்றாம் படி: கண்ணால் ஒரு கணக்கு

வியாழன் 2027 பெப்ரவரியில் எதிர்நிலைக்கு, அதாவது பூமியிலிருந்து பார்க்கச் சூரியனுக்கு நேரெதிரே, வருகிறது. அது மேற்குச் சரிவின் வறண்ட காலத்திலேயே விழுகிறது. சிறு தொலைகாட்டி ஒன்றில் அதன் நான்கு பெரிய உபகோள்களையும் பாருங்கள். எது எது என்பதை நாசாவின் ஹொரைசன்ஸ் இணையச் சேவையோ ஸ்டெல்லேரியம் போன்ற இலவச மென்பொருளோ சொல்லிவிடும். யூரோப்பாவையும் கலிஸ்டோவையும் மட்டும் ஒப்பிடுங்கள். யூரோப்பாவின் விட்டம் 3122 கிலோமீற்றர். கலிஸ்டோவின் விட்டம் 4821 கிலோமீற்றர். சூரியனிலிருந்து இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருக்கின்றன. ஆனாலும் சிறியதாகிய யூரோப்பாவே பிரகாசமாகத் தெரியும். எதிர்நிலையில் அதன் ஒளிப்பருமன் 5.3, கலிஸ்டோவினுடையது 5.7. எண் குறையும்போது பிரகாசம் கூடும் என்பதை நினைவிற்கொள்க.

ஒளிப்பருமனில் 0.4 வித்தியாசம் என்பது ஒளியில் 1.45 மடங்கு. கலிஸ்டோவின் வட்டத் தட்டு பரப்பளவில் யூரோப்பாவினுடையதைப் போல் 2.4 மடங்கு. இரண்டையும் பெருக்கினால், ஒரே அளவு பரப்பிலிருந்து யூரோப்பா கலிஸ்டோவைவிட 3.4 மடங்கு கூடுதலான ஒளியைத் தெறிக்க விடுகிறது என்று வருகிறது. யூரோப்பாவின் மேற்பரப்பு துப்புரவான நீர்ப்பனிக்கட்டி என்பதும், கலிஸ்டோவின் பனிக்கட்டியில் கரிய பொருள் கலந்திருக்கிறது என்பதும் இந்த எண்ணுக்குப் பின்னால் நிற்கின்றன. இவ்வுபகோள்களில் உறைந்த நீரின் அகச்சிவப்பு அடையாளங்கள் 1972 இல் உறுதியாயின. கண்ணால் பார்த்ததிலிருந்து ஒரு மேற்பரப்பைப் பற்றி எண்ணால் பேச முடிந்தது என்பதே இந்தப் பயிற்சியின் பயன். பாடசாலை வானியல் கழகங்கள் இதிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து.

6 அங்குலத் தொலைகாட்டி கிடைப்பவர்களுக்கு இதைவிடச் சுவையான வேலை சனியின் உபகோளாகிய இயாபெட்டஸ். ஜொவானி டொமெனிக்கோ கசினி 1671 இல் அதைச் சனிக்கு மேற்கே கண்டுபிடித்தார். கிழக்கே வரவேண்டிய நாட்களில் தேடியபோது அதைக் காணவில்லை. அதன் ஒரு பாதி இருண்டது, மறுபாதி வெளிறியது, சந்திரன் பூமிக்குக் காட்டுவதுபோல அதுவும் எப்போதும் ஒரே முகத்தைச் சனிக்குக் காட்டுகிறது என்று அவர் சரியாகவே ஊகித்தார். மேற்கே நிற்கும்போது 10.2 ஆக இருக்கும் அதன் ஒளிப்பருமன் கிழக்கே 11.9 வரை இறங்குகிறது. ஒளியில் இது ஏறத்தாழ ஐந்து மடங்கு வீழ்ச்சி. ஒரு சுற்றுக்கு 79 நாட்கள் ஆவதால், ஊவாப் பக்கத்தில் ஆகஸ்ட், செப்டெம்பர் இரவுகளில் வானம் திறக்கும் போதெல்லாம் பக்கத்திலுள்ள விண்மீன்களோடு ஒப்பிட்டுக் குறித்து வந்தால், ஒரு மேற்பரப்பு முழுவதும் ஒரே பொருளால் ஆனது அன்று என்பதை உங்கள் வரைபடமே காட்டும்.

நிறமாலையைச் சொந்தமாகப் பதிவு செய்ய விரும்புவோர் யுரேனஸிலிருந்து தொடங்கலாம். மில்லிமீற்றருக்கு 100 கோடுகள் கொண்ட ஸ்டார் அனலைசர் போன்ற, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் சிறு கிரேட்டிங்கைக் கமராவுக்கு முன்னால் திருகிப் பொருத்தினால், 619, 727 நானோமீற்றர் அளவில் அகன்ற கரும்பட்டைகள் விழுவதைக் காணலாம். அவை வளிமண்டல மெதேனின் பட்டைகள். இங்கே மெதேன் வாயுவாக இருக்கிறது, உறைந்து கிடக்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் மூலக்கூறு அதுவே. ஒப்பீட்டுக்கு இடபத்திலுள்ள ஹையாடிஸ் 64 என்னும் விண்மீனையும் அதே இரவில், அதே உயரத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அதன் ஒளி நிறமாலையில் சூரியனை ஒத்தது. யுரேனஸும் இப்போது இடபத்தில் இருப்பதால் இரண்டும் வானில் அண்டையில் கிடைக்கின்றன. யுரேனஸின் நிறமாலையை அவ்விண்மீனின் நிறமாலையால் வகுத்தால் சூரியனின் கையும் காற்றின் கையும் ஒரே அடியில் விலகிவிடும். ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டியின் தரவிலும் நீங்கள் செய்யப்போவது இந்த வகுத்தல்தான்.

நான்காம் படி: தட்டில் சீனியும் தேயிலைத் தூளும்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் தடுமாறுவார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒரு கறுப்புத் தாளின் மீது சீனியை ஒரு பாதியாகவும், நுண்ணிய தேயிலைத் தூளை மறுபாதியாகவும், ஒன்றோடொன்று கலவாமல் சம பரப்பில் பரப்புங்கள். நேரடி வெயில் படாத யன்னலருகே, கைபேசிக் கமராவின் தானியங்கி வெளிச்ச அமைப்பை நிறுத்திவிட்டு ஒரு படம் எடுங்கள். பின்னர் இரண்டையும் நன்றாகக் கலந்து, அதே பரப்பில் பரப்பி, அதே அமைப்பில் மறுபடியும் எடுங்கள். ஏதேனும் ஒரு படத்திருத்த மென்பொருளில் இரண்டு படங்களினதும் சராசரி வெளிச்சத்தை வாசியுங்கள்.

கலந்த குவியல் மற்றதைவிடக் கறுப்பாக இருக்கும். பக்கம் பக்கமாக இருக்கும்போது சீனியில் பட்ட ஒளி சீனியிலிருந்தே திரும்பி வருகிறது. கலந்துவிட்டாலோ ஒரு சீனி மணியில் பட்டுத் திரும்பும் ஒளி வெளியேறுவதற்கு முன் பல மணிகளில் மோதுகிறது, அவற்றுள் ஒன்று தூளாக இருந்தாலும் அங்கே விழுங்கப்படுகிறது. பனிக்கோள்களிலும் இப்படியே. பனிக்கட்டித் திட்டும் கரிய திட்டும் தனித்தனியாகக் கிடந்தால் இரண்டின் நிறமாலைகளையும் பரப்பு விகிதப்படி கூட்டிவிடலாம். இரண்டும் மணி மணியாகக் கலந்து கிடந்தால் கூட்டல் செல்லாது. சிறிதளவு கரிய பொருளே பனிக்கட்டியின் அடையாளங்களை மழுங்கடித்துவிடும். இந்த இரண்டாவது நிலையைக் கணிப்பதற்கு அமெரிக்கரான புரூஸ் ஹாப்கே 1981 முதல் வளர்த்த கோட்பாட்டையே பெரும்பாலோர் இன்றும் கையாளுகிறார்கள். தூளின் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்று வரைந்து பார்த்தவருக்கு ஹாப்கேயின் சமன்பாடுகள் அந்நியமாகத் தோன்றா.

ஐந்தாம் படி: அடையாளங்களைப் பழகுதல்

தரவைத் திறக்கும் முன் சில எண்கள் மனத்தில் பதிந்திருக்க வேண்டும். நிறமாலையில் ஒளி குறையும் இடத்தை இனிப் பள்ளம் என்றே சொல்கிறேன்.

உறைந்த நீருக்கு 1.5, 2.0 மைக்ரோமீற்றர்களில் இரண்டு அகன்ற பள்ளங்களும், 3.0 இல் மிக ஆழமான ஒன்றும் உண்டு. இவற்றோடு 1.65 இல் ஒரு சிறு பள்ளமும் தென்பட்டால் அப்பனிக்கட்டி பளிங்கு வடிவில் ஒழுங்குபட்டது. ஒழுங்கற்ற வடிவில் அது தெளிவாக இராது. புளூட்டோவின் துணையாகிய சாரோனில் இந்த 1.65 பள்ளம் இருக்கிறது. அண்டவெளிக் கதிர்கள் பளிங்கு வடிவைக் காலப்போக்கில் குலைத்துவிடும் என்று ஆய்வுகூடச் சோதனைகள் சொல்லும்போது, அங்கே அது இன்னும் எப்படி நிலைக்கிறது என்பது இத்துறையின் சுவையான வாதங்களில் ஒன்று.

மெதேனுக்குப் பள்ளங்கள் ஏராளம்: 1.67, 1.72, 1.79, 2.2, 2.3 என்று வரிசையாக வரும். அடையாளம் காண்பதற்கு இதைவிட எளிதான பொருள் இல்லை. நைதரசனோ இதற்கு நேர்மாறானது. 2.148 இல் மெலிந்த ஒரே பள்ளம். மேற்பரப்பின் பெரும்பகுதி நைதரசனாக இருந்தாலும் கண்ணுக்கு எட்டாமல் போகலாம். புளூட்டோவில் நைதரசனும் காபனோரொட்சைட்டும் 1990களின் தொடக்கத்தில்தான் தெரியவந்தன. ஆனால் அந்த மெலிந்த பள்ளமே ஒரு வெப்பமானி. உறைந்த நைதரசன் 35.6 கெல்வினில் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிறது. மாறும்போது பள்ளத்தின் அகலமும் மாறுகிறது. நெப்டியூனின் உபகோளாகிய டிரைட்டனின் மேற்பரப்பு ஏறத்தாழ 38 கெல்வின் என்பது பூமியிலிருந்தே இவ்வாறு அளக்கப்பட்டது.

காபனோரொட்சைட்டுக்கு 2.35, 4.68, காபனீரொட்சைட்டுக்கு 4.27. கடைசி இரண்டையும் பூமியிலிருந்து மங்கலான பொருள்களில் காண்பது ஏறத்தாழ முடியாத காரியம். ஜேம்ஸ் வெப் வந்தபின் அவை வழமையாகிவிட்டன. மெதேன் போன்றவற்றின் மீது கதிர்கள் தாக்கி உண்டாகும் செந்நிறச் சேர்மக் கலவையைக் கார்ல் சேகனும் பிஷுன் காரேயும் 1979 இல் தோலின் என்று பெயரிட்டனர். அதற்குக் கூரிய பள்ளங்கள் கிடையா; குறுகிய அலைநீளத்திலிருந்து நீண்ட அலைநீளம் நோக்கி வளைகோடு ஏறிச்செல்லும் சரிவுதான் அதன் அறிகுறி. சரிவை வைத்துப் பொருளின் பெயரைச் சொல்ல முடியாது. செந்நிறமானது என்று எழுதி அதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஆறாம் படி: தரவைப் பெறுதல்

நியூ ஹொரைசன்ஸ், கசினி, கலிலியோ ஆகிய விண்கலங்களின் தரவுகள் நாசாவின் கோளியல் தரவுக் களஞ்சியத்தில் எவரும் எடுக்கும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. 2021 டிசெம்பர் 25 இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் தரவுகள் மாஸ்ட் என்னும் களஞ்சியத்தில் உள்ளன. அவதானித்தவர்களுக்கென ஒதுக்கப்படும் காலம் கழிந்ததும், அது பெரும்பாலும் ஓர் ஆண்டு, அவை எல்லோருக்கும் திறந்துவிடும். அதன் நிர்ஸ்பெக் கருவி 0.6 முதல் 5.3 மைக்ரோமீற்றர் வரை ஒரே வீச்சில் பார்க்கிறது.

நம் தோட்டங்களில் இணையம் கைபேசி டேட்டாவை நம்பியே இருப்பதால் ஓர் எச்சரிக்கை. கருவியிலிருந்து வந்த மூலப் படங்களைத் தரவிறக்காதீர்கள். டேட்டா முழுவதையும் அவை விழுங்கிவிடும், அவற்றைப் பதப்படுத்துவதும் தொடங்குபவரின் வேலையன்று. எக்ஸ்1டி என்று முடியும் பெயருடைய கோப்பில் நிறமாலை பிரித்தெடுத்து அட்டவணையாகவே இருக்கும்; அளவிலும் அது சிறியது. அதைக் கூகுள் கொலாபில் பைதன் மொழியின் அஸ்ட்ரோபை நூலகத்தால் திறக்கலாம். சொந்தக் கணினி இல்லாதவர்கள் பாடசாலைக் கணினி அறையிலிருந்தே இதைச் செய்து முடிக்கலாம்.

முதற் பொருளாகச் சாரோனையோ, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குறுங்கோளாகிய ஹௌமேயாவையோ எடுங்கள். இரண்டிலும் நீரின் பள்ளங்கள் தெளிவானவை. 3.9 மணி நேரத்தில் தன்னைத்தானே சுற்றும் ஹௌமேயாவின் மேற்பரப்பு ஏறத்தாழத் தூய நீர்ப்பனிக்கட்டி. புளூட்டோ புகழ்பெற்றது என்பதற்காக அதிலிருந்து தொடங்க வேண்டாம். மூன்று நான்கு பொருள்கள் ஒன்றையொன்று மறைக்கும் நிறமாலை அது.

ஏழாம் படி: வகுத்தலும் அளத்தலும்

சூரியனை ஒத்த விண்மீன் ஒன்றின் நிறமாலையும், அதே கருவி, அதே அமைப்பில் எடுத்தது, உங்களுக்கு வேண்டும். ஜேம்ஸ் வெப்பில் இதற்காகப் பி330-இ என்னும் விண்மீன் பலமுறை பார்க்கப்பட்டிருக்கிறது. இரண்டு கோப்புகளினதும் அலைநீளப் புள்ளிகள் சரியாகப் பொருந்தாவிட்டால், ஒன்றை மற்றதன் புள்ளிகளுக்கு இடைமதிப்பிட்டுக் கொண்டுவந்த பின்னரே வகுக்க வேண்டும். இதைக் கவனியாதவர்களின் வரைபடத்தில் விண்மீனின் கோடுகள் இருந்த இடமெல்லாம் பற்கள் போன்ற பொய்க் கூர்கள் முளைக்கும். இரண்டு கோப்புகளும் ஒரே அலகில் இருந்தால் அலகு வகுத்தலில் நீங்கிவிடும். பின்னர் வலுவான பள்ளம் எதுவும் இல்லாத ஓர் அலைநீளத்தைத் தெரிந்து, அங்கே மதிப்பு 1 ஆகும்படி எல்லாவற்றையும் மாற்றுங்கள். கிடைப்பது சார்புத் தெறிப்பு நிறமாலை. பொருளின் விட்டமும், பட்ட ஒளியில் எவ்வளவு தெறிக்கிறது என்பதைக் குறிக்கும் எதிர்த்தெறிதிறனும் வேறு வழிகளில் தெரிந்திருந்தால்தான் அதை உண்மை அளவுக்கு உயர்த்த முடியும். நெப்டியூனுக்கு அப்பாலுள்ள குறுங்கோளாகிய எரிஸின் விட்டம் 2326 கிலோமீற்றர், எதிர்த்தெறிதிறன் 0.96 என்பவை, 2010 நவம்பரில் அது ஒரு விண்மீனை மறைத்தபோது செய்த அளவீடுகளிலிருந்து வந்தவை.

அடுத்தது பள்ளத்தின் ஆழம். பள்ளத்தின் இரு கரைகளையும் ஒரு நேர்கோட்டால் இணையுங்கள். பள்ளத்தின் அடியிலுள்ள மதிப்பை, அதற்கு நேர் மேலே கோட்டிலுள்ள மதிப்பால் வகுத்து, 1 இலிருந்து கழியுங்கள். கோட்டில் 0.80, அடியில் 0.52 என்றால் ஆழம் 0.35, அதாவது 35 சதவீதம். கரைகளை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த எண் அசையும். ஆகவே கரைகளைச் சற்று நகர்த்தி மறுபடியும் கணித்து, எண் எவ்வளவு அசைகிறது என்பதையும் எழுதுங்கள். அந்த அசைவைவிட ஆழம் சிறிதாக இருந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு இல்லை.

கருவியின் பிரிதிறனையும் மறக்கக் கூடாது. மெதேன் நைதரசனுக்குள் கரைந்து கிடக்கும்போது அதன் பள்ளங்கள் சில நானோமீற்றர் குறுகிய அலைநீளப் பக்கம் நகரும். அந்த நகர்விலிருந்து, நேரடியாகத் தெரியாத நைதரசனையும் ஊகிக்கலாம். நிர்ஸ்பெக்கின் பிரிஸம் அமைப்பில் எடுத்த தரவில் இதைத் தேடுவது வீண். அதன் பிரிப்பு அவ்வளவு நுண்ணியதன்று. கிரேட்டிங் அமைப்பில் எடுத்த தரவு வேண்டும்.

எட்டாம் படி: பெயர் சொல்வதற்கு முன்

நெப்டியூனுக்கு அப்பாலுள்ள பனிக்கோளாகிய குவாவாரின் கதை இங்கே பயன்படும். 2004 இல் டேவிட் ஜுவிட்டும் ஜேன் லூவும் அதன் நிறமாலையில் பளிங்குப் பனிக்கட்டியின் 1.65 பள்ளத்தையும், 2.2 மைக்ரோமீற்றரில் வேறொரு மெலிந்த பள்ளத்தையும் கண்டார்கள். சாரோனிலும் 2.2 இல் ஒன்று இருந்தது; அது நீரோடு சேர்ந்த அமோனியாவுக்குரியது என்று கொள்ளப்பட்டிருந்தது. குவாவாருக்கும் அவ்விளக்கமே முதலில் தரப்பட்டது. 2007 இல் எமிலி ஷாலரும் மைக் பிரவுனும் மேலும் துல்லியமான தரவில் 2.3 பக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, அது மெதேன் என்று காட்டினார்கள். மெதேனுக்கும் அமோனியாச் சேர்மத்துக்கும் 2.2 பொதுவானது, இரண்டையும் பிரிப்பது மற்றப் பள்ளங்கள்தான். கைதேர்ந்தவர்களுக்கே தரவின் மங்கலில் இது நேர்கிறது என்றால், ஒரே பள்ளத்தோடு பெயர் சொல்லும் துணிவு நமக்கு வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. பள்ளம் தெரியவில்லை என்பதால் பொருள் இல்லை என்றாகாது. நைதரசனை ஏற்கெனவே சொன்னேன். மேலும் இந்த ஒளி தொடுவது மேற்பரப்பின் தோலை மட்டும்: 3 மைக்ரோமீற்றர் போன்ற வலுவான பள்ளத்தில் மைக்ரோமீற்றர் கணக்கான ஆழம், மெலிந்த பள்ளங்களில் அதிகம் போனால் மில்லிமீற்றர் அளவுகள். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை நிறமாலை சொல்லாது.

ஒன்பதாம் படி: மாதிரியோடு பொருத்துதல்

ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும், எவ்வளவு விழுங்கும் என்பதைச் சொல்லும் ஒளியியல் மாறிலிகளை, ஆய்வுகூடத்தில் அளந்தபடி எடுத்து, மணியின் பருமனையும் கலப்பு விகிதத்தையும் மாற்றி மாற்றி, கணித்த வளைகோட்டை அவதானித்த வளைகோட்டோடு பொருத்துவதே கடைசி வேலை. நீர்ப்பனிக்கட்டிக்கு வெவ்வேறு வெப்பநிலைகளில் வில் கிரண்டியும் பெர்னார்ட் ஷ்மிட்டும் 1998 இல் வெளியிட்ட அளவுகளும், நாசா கொடார்டின் அண்டப் பனிக்கட்டி ஆய்வுகூடம் தரும் அட்டவணைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. கோளின் வெப்பநிலைக்கு வெகு தொலைவான வெப்பநிலையில் அளந்த மாறிலிகளைப் பயன்படுத்தாதீர்கள். பள்ளங்களின் இடமும் வடிவமும் வெப்பநிலையோடு மாறும்.

முதலில் திட்டுத்திட்டான கலப்பை, அதாவது வெறும் கூட்டலை, இரண்டே பொருள்களோடு முயலுங்கள்: நீர்ப்பனிக்கட்டி ஒன்று, நிறமற்ற கரிய பொருள் மற்றொன்று. பிறகே ஹாப்கே முறை. ஒன்றை எதிர்பார்த்திருங்கள்: பெரிய மணியும் கூடுதல் கரும்பொருளும் சேர்ந்த கலவையும், சிறிய மணியும் குறைந்த கரும்பொருளும் சேர்ந்த கலவையும் ஏறத்தாழ ஒரே வளைகோட்டைத் தரக்கூடும். சிறந்த பொருத்தம் என்று கணினி காட்டும் ஒரே விடையை மட்டும் எழுதாமல், ஏறத்தாழ அதே அளவு பொருந்தும் மற்ற விடைகளையும் எழுதுவதே முறையானது. நான்காவது, ஐந்தாவது பொருளைச் சேர்த்தால் பொருத்தம் எப்போதும் கூடத்தான் செய்யும். சேர்த்த பொருளுக்குத் தனக்கென இரண்டு பள்ளங்கள் தரவில் உள்ளனவா என்று பார்த்து, இல்லையெனில் அதை நீக்குங்கள்.

இவ்வளவும் கைவந்தபின் நெப்டியூனுக்கு அப்பாலுள்ள சிறு பொருள்களுக்குப் போகலாம். நொயெமி பினில்லா அலொன்சோ தலைமையிலான குழு ஜேம்ஸ் வெப்பால் 54 பொருள்களைப் பார்த்து, அவற்றின் நிறமாலைகள் மூன்று வகைக்குள் அடங்குகின்றன என்று 2024 இன் இறுதியில் அறிவித்தது. வளைகோட்டின் வடிவத்தை ஒட்டிக் கிண்ணம், இரட்டைப் பள்ளம், செங்குத்துச் சரிவு என்று அவற்றைக் குறிக்கிறார்கள். கிண்ண வகையில் உறைந்த நீர் மேலோங்கும். இரட்டைப் பள்ள வகையில் காபனீரொட்சைட்டும் காபனோரொட்சைட்டும் மேலோங்கும். சரிவு வகையில் மெதனோலும் சிக்கலான சேதனச் சேர்மங்களும் மேலோங்கும். அவற்றுள் வகைக்கு ஒன்றாக எடுத்து, வெளியான முடிவைப் பாராமல் நீங்களே வகுத்து, அளந்து, பெயர் சொல்லுங்கள். அதற்குப் பிறகே கட்டுரையோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் கோப்பின் முழுப் பெயர், தரவிறக்கிய திகதி, வகுத்த விண்மீன், 1 ஆக்கிய அலைநீளம், கரைகளாகக் கொண்ட அலைநீளங்கள் ஆகிய ஐந்தையும் எழுதி வையுங்கள். களஞ்சியத்தில் கோப்புகள் அவ்வப்போது மீள்பதப்படுத்தப்பட்டு மாறுவதால், திகதி எழுதாத வரைபடத்தை அடுத்த ஆண்டு உங்களாலேயே மீண்டும் உருவாக்க முடியாமல் போகலாம்.